மீன் காட்டும் கருவியும் மின் இரைச்சலும்

முன்னுரை

கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி, இத்தனை பாகம் என்று கடலின் ஆழத்தை அளந்தது ஒரு காலம். இன்று சிறிய ஃபைபர் படகிலும் கூட ஒரு திரை, ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிறது. ஆனால், இயந்திரத்தை முடுக்கியவுடன் அத்திரை முழுதும் புள்ளிகளும் கோடுகளுமாக மாறிவிடுவதுண்டு. மீன் என்று நம்பி வலை விட்டால் எரிபொருளும் உழைப்பும் வீண். இரைச்சல் என்று ஒதுக்கினால் அடியிலுள்ள பாறையைக் காணாமற் போகலாம். இக்குறையின் காரணத்தையும், அதைக் கண்டறியும் முறையையும் இயற்பியல் வழி நின்று ஆராய்வோம்.

கருவி இயங்கும் விதம்

1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அழுத்தமின் விளைவே இக்கருவியின் அடிப்படை. மீனவர்க்குப் பயன்படும் கருவியை 1948-இல் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் உருவாக்கினர். படகின் அடியிலுள்ள ஒலியுணரி, மின் துடிப்பை ஒலித் துடிப்பாக மாற்றி நீருக்குள் அனுப்புகிறது. அதன் அதிர்வெண் பெரும்பாலும் 50 அல்லது 200 கிலோ ஹெர்ட்ஸ். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால், ஒலி சென்று வந்த தூரம் 60 மீட்டர். ஆழம் 30 மீட்டர், அதாவது சுமார் 16 பாகம்.

திரும்பி வரும் எதிரொலி மிகவும் நலிந்தது. மீனின் காற்றுப்பையே ஒலியை நன்கு எதிரொலிக்கும். காற்றுப்பை இல்லாத சுறா போன்றவற்றின் எதிரொலி மேலும் நலிவானது. ஆகவே கருவி அதனைப் பல மடங்கு பெருக்கியாக வேண்டும். பெருக்கிக்கோ, வந்தது மீனின் எதிரொலியா, ஸ்பார்க் பிளக்கின் பொறியா என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோலவே பெருக்கும்.

இரைச்சலின் பிறப்பிடங்கள்

பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து இயந்திரத்தில், ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம் போன்றது. டீசல் இயந்திரத்தில் இத்தொல்லை இல்லை. எனினும் பாட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டிலும் உண்டு. நீர் இறைக்கும் பம்பின் மோட்டார், எல்.இ.டி. விளக்கின் மின்சுற்று, கைப்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர் ஆகியனவும் இரைச்சல் தருவன. இவற்றுள் பல, நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் துண்டித்து இணைப்பவை. எனவே அவற்றின் இரைச்சல் கருவியின் அதிர்வெண்ணுக்கு அருகிலேயே விழுகிறது.

கண்டறியும் முறை

முதலில் கருவியின் இரைச்சல் வடிகட்டியை நிறுத்திவிட்டு, பெருக்கத்தைக் கையால் ஒரே அளவில் வைக்க வேண்டும். தானியங்கு நிலையில் விட்டால் கருவியே குறையை மறைத்துவிடும். பின்னர்,

1. நங்கூரமிட்டு, இயந்திரம் உட்பட யாவற்றையும் நிறுத்திக் கருவியை மட்டும் இயக்குக. திரை தெளிவாக இருந்தால் கருவியில் பழுதில்லை. புள்ளிகள் அப்போதும் தோன்றினால், இணைப்பு முனைகளையும், அருகிலுள்ள படகுகளின் கருவிகளையும் ஐயுறுக. பிறர் கருவியின் துடிப்புகள் ஒழுங்கான சாய்ந்த கோடுகளாகத் தெரிவது வழக்கம்.

2. கியரில் இடாமல் இயந்திரத்தை ஓட்டி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. வேகத்தோடு புள்ளிகளும் பெருகினால் குற்றவாளி தீப்பொறி அல்லது ஆல்டர்னேட்டர்.

3. படகு விரையும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால் அது மின்சாரத்தின் குற்றமன்று. ஒலியுணரியின் முகத்தில் படியும் காற்றுக் குமிழிகளின் வேலை. ஒலியுணரியின் இடத்தை மாற்ற வேண்டும்.

4. இயந்திரத்தை நிறுத்தி, பம்பு, விளக்கு, வயர்லெஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க.

5. மின் இரைச்சல் என்று தெளிந்தபின், கருவியைத் தனியான ஒரு 12 வோல்ட் பாட்டரியில் இணைத்து அதே சோதனையைச் செய்க. இரைச்சல் மறைந்தால் அது மின்கம்பி வழி வந்தது. மறையாவிடில் ஒலியுணரியின் கம்பி அதை வாங்குகிறது.

நீக்கும் வழிகள்

மின்கம்பி வழி வரும் இரைச்சலுக்கு, கருவிக்கென்று இரு கம்பிகளைப் பாட்டரியிலிருந்தே நேராக, ப்யூஸ் வைத்து இழுப்பது முதல் மருந்து. அவ்விரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலின்படி, ஒவ்வொரு முறுக்கிலும் தூண்டப்படும் மின்னழுத்தம் அடுத்த முறுக்கில் எதிர்த்திசையில் எழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மின்கம்பியின் மேல் ஃபெரைட் வளையம் பூட்டுவதும் பயன் தரும். உப்புக் காற்றில் பச்சை பூத்த முனைகளைச் சுரண்டித் துலக்க வேண்டும்.

ஒலியுணரியின் கம்பியை இயந்திரக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டலாகாது. குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும். அதன் கம்பி வலைக் கவசத்தை வெட்டக் கூடாது. தீப்பொறியே காரணமானால், இயந்திரத்திற்கு உரிய மின்தடையுள்ள ஸ்பார்க் பிளக்கைப் பொருத்துதல் நன்று.

முடிவுரை

புள்ளிகள் மறையும் வரை பெருக்கத்தைக் குறைப்பதே பலரும் கையாளும் வழி. அதனால் இரைச்சலோடு மீனும் மறைந்துவிடும். நல்ல கருவியைப் பழுதென்று கழித்துவிட்டு மற்றொன்று வாங்கினும் பழைய கம்பியில் பழைய இரைச்சலே வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் காண்பது நாம் ஆய்வுக்கூடத்தில் பயிலும் முறை. அதுவே நடுக்கடலிலும் துணை செய்கிறது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்கள் இதனைத் தம் ஊர்ப் படகுகளில் செய்து காட்டுவார்களாயின், கற்ற கல்வி கரை சேரும்.