கணுக்கால் நார்மல் என்றாலும் கால் விரலைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்க்கக் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்தார்கள். கையில் 140, கணுக்காலில் 182 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 1.3. 1.00 முதல் 1.40 வரை நார்மல் என்பதால் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள்.

நாள்பட்ட சர்க்கரை நோயிலும் சிறுநீரகக் கோளாறிலும் கணுக்கால் ரத்தக்குழாயின் சுவரில் கால்சியம் படிந்து விறைத்துப்போகும். பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் அது எளிதில் அமுங்காது. அதனால் உள்ளே அடைப்பு இருந்தும் எண் உயர்ந்தே காட்டும். கால் விரலிலுள்ள சிறு குழாய்கள் பெரும்பாலும் இப்படி விறைப்பதில்லை. அதே ஆளுக்குக் கட்டைவிரலில் அளந்தால் 49தான் வரலாம். கை அளவோடு ஒப்பிட்டால் 0.35. இது 0.7க்குக் கீழே போனாலே அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

"நடந்தால் கெண்டைக்கால் வலிக்கவில்லையே" என்பீர்கள். சர்க்கரையால் நரம்பு மரத்த காலில் வலி தெரியாமலே போகலாம்; அதை நம்பி இருக்க வேண்டாம்.

விரலில் அளக்கும் இந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, மருந்து இல்லை. கட்டைவிரலின் அடியில் சிறு பட்டையைச் சுற்றி, நுனியில் ஒளி உணர்கருவியைப் பொருத்துவார்கள். காற்றடித்ததும் திரையில் துடிப்பின் அலை படுத்துவிடும். மெல்லக் காற்றை இறக்கும்போது அலை எந்த எண்ணில் மறுபடி எழுகிறதோ, அதுதான் விரலின் அழுத்தம்.

இதில் கெடுதல் செய்வது குளிர். ஏசி அறையில் கால் சில்லிட்டால் குழாய் சுருங்கி, எண் பொய்யாகக் குறையும். சாக்ஸ் போட்டுப் போங்கள். பத்து நிமிடமாவது படுத்திருந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் புகையும் காபியும் வேண்டாம். கட்டைவிரல் இல்லாதவர்களுக்கும் அதில் புண் உள்ளவர்களுக்கும் அடுத்த விரலில் அளக்கலாம்.

ஆறாத புண்ணோடு விரல் அழுத்தம் 30க்குக் கீழே இருந்தால் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரை உடனே பார்க்க வேண்டும். விரல் கறுத்தாலோ, படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ பரிசோதனைக்குத் தேதி வாங்கிக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

இந்தக் கருவி எல்லா கிளினிக்கிலும் இருக்காது. பாத சிகிச்சைப் பிரிவோ ரத்தநாளப் பிரிவோ உள்ள மருத்துவமனையில் விசாரியுங்கள். இரண்டு காலின் எண்ணையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்த முறை ஒப்பிட உதவும்.