கொட்டை எழுத்து

எழுத்துக்கு இருவகைப் பணி உண்டு. கையில் ஏந்தி அமைதியாகப் படிக்கும் நூலுக்குரிய எழுத்து ஒன்று. தெருவில் நடப்போரையும் வண்டியில் விரைவோரையும் தொலைவிலேயே ஈர்த்துப் படிக்கச் செய்யும் எழுத்து மற்றொன்று. பின்னதனை மக்கள் ‘கொட்டை எழுத்து’ என்று வழங்குவர். விதை போலப் பருத்துத் திரண்டு நிற்கும் அதன் வடிவுக்கு இப்பெயர் நன்கு பொருந்துகின்றது.

சென்னையின் வடபால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் ஒருவர், இவ்வெழுத்தின் ஆட்சியை வழிநெடுகக் காணலாம். 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் புகைவண்டி நிலையத்தின் பெயர்ப்பலகை, காசிமேட்டுத் துறையில் நிற்கும் விசைப்படகுகளின் முகப்பு, தொழிற்சாலைகளின் மதில்கள், துறைமுகம் நோக்கிச் செல்லும் சரக்குப் பெட்டிகள் ஆகிய யாவும் பருத்த எழுத்தைத் தாங்குகின்றன. சரக்குப் பெட்டிக்கு உலகப் பொதுவிதியே உண்டு. அதன் அடையாளம் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்டது. எழுத்தின் உயரம் 100 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஆயின் அவை உரோமன் எழுத்துகள், நேர்கோடு மிகுந்தவை. அவற்றைத் தடிப்பாக்குதல் எளிது. தமிழ் எழுத்தின் நிலை அற்றன்று.

பனையோலையில் நேர்கோட்டை அழுத்தி இழுப்பின் ஓலை கிழியும். ஆதலின் நம் எழுத்து வளைவு மிகுந்ததாயிற்று என்பர். எழுத்தாணியின் கூர்முனைக்கு அவ்வளைவுகள் இடர் தரவில்லை. திருவொற்றியூர்த் தலவரலாறு ஒன்றை ஈண்டு நினைக்கலாம். அரசன் விடுத்த ஓலையில் வரிகளுக்கு நடுவே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இறைவனே பொறித்தான் என்பது அவ்வரலாறு. சேக்கிழாரும் அத்தலத்து இறைவனை ‘எழுத்தறியும் பெருமான்’ என்று போற்றுகின்றார். வரிக்கும் வரிக்கும் இடையே மற்றொரு வரி புகுந்தது மெல்லிய எழுத்தாதலால் அன்றோ? கொட்டை எழுத்தாயின் ஒரு புள்ளிக்கும் அங்கு இடம் இராது!

இடர் தோன்றுவது கோடு பருக்கும்போதுதான். ‘எண்ணூர்’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்து நான்கே, ஆயினும் மூன்று சுழி ணகரம் இருமுறை வருகின்றது. தடித்த கோட்டால் எழுதுங்கால் சுழிகளின் உள்வெளி குறுகுகின்றது. மையோ வண்ணமோ சிறிது பரவினும் ஒரு சுழி அடைபடுகின்றது. அடைபட்டால் ணகரம் னகரமாகத் தோன்றும். ‘மணம்’ மனமாகும்; ‘ஆணை’ ஆனையாகும்; ‘மின்பணி நடைபெறுகின்றது’ என்னும் எச்சரிக்கை ‘மின்பனி’யாகும். சிரிப்புக்குரியதாகத் தோன்றினும், மின்கம்பியின் அருகே நிற்பவனுக்கு அது சிரிப்பன்று.

புள்ளியின் செய்தியும் இத்தகையதே. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்திருப்பவும், ஓலையிலும் கல்லிலும் பெரும்பாலும் அதனை இடாது விட்டனர். படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். அறிவிப்புப் பலகையின் முன் அவ்வாறு ஆராய நேரம் ஏது? புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளின் ‘நில்’ என்பது ‘நில’ என்றாகிவிடும். ‘இராயபுரம்’ என்பதில் ரகரமும் காலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரகரத்தின் அடியிலுள்ள சாய்கோடு மழுங்கினால் இரண்டும் ஒன்றே போலாகும்.

இவற்றை அறிந்த கைவினைஞர், கோட்டின் தடிப்பை எங்கும் ஒன்றாக வைப்பதில்லை. வெளிவளைவில் பருமனை நிறுத்திச் சுழி உட்புகும் இடத்தில் கோட்டை மெலியச் செய்வர். எழுத்தைச் சற்றே அகலப்படுத்துவர். புள்ளியைப் பெரிதாக்கித் தலைக்கோட்டினின்று விலக்கி வைப்பர். முனைகளைக் கூராக விடாது உருட்டுதலும் உண்டு. தூரிகை இயல்பாகவே உருண்ட முனையை விடுவதால், பலகை எழுதுவோர்க்கு இது புதிதன்று.

அச்சிலும் இவ்வகை எழுத்து பிற்பட்டே வந்தது. பேரெழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் எடையும் செலவும் மிகும். ஆதலின் 1827-இல் அமெரிக்காவில் டேரியசு வெல்சு என்பார் மரத்தில் எழுத்துக் குடையும் பொறிமுறையைக் கண்டார், சுவரொட்டிகள் பெருகின. 1922-இல் சிக்காகோ நகரத்து ஆசுவால்டு கூப்பர் வரைந்த ‘கூப்பர் பிளாக்’ என்பது முனை உருண்ட பருத்த எழுத்துக்குப் பெயர்பெற்ற சான்று.

இக்காலத்தில் கணினிக்கென அமைந்தவற்றுள் ‘பாலூ தம்பி’ குறிப்பிடத்தக்கது. மும்பையிலுள்ள ‘ஏக் டைப்’ என்னும் குழுவினர் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒத்த சாயலில் வரைந்த எழுத்துக் குடும்பம் பாலூ. இந்தியில் அச்சொல்லுக்குக் கரடி என்பது பொருள். தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்ம என ஒவ்வொன்றுக்கும் உறவுப்பெயர் சூட்டியிருக்கின்றனர். உருண்டு திரண்ட தோற்றத்துக்கு ஏற்ற பெயரே. இதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம்.

கடைப்பெயர், குழந்தைகள் நூலின் தலைப்பு, விழா அழைப்பு ஆகியவற்றுக்கு இவ்வெழுத்து மிக ஏற்றது. நீண்ட உரைநடையை இதனால் அச்சிட்டால் பக்கம் முழுதும் கருமை படர்ந்து கண் அயரும். இரங்கல் செய்திக்கு இதன் விளையாட்டுத் தோற்றம் சற்றும் ஒவ்வாது. எச்சரிக்கைப் பலகைக்கோ பருமன் வேண்டும். அதனினும் சுழிகளின் திறப்பு வேண்டும். பலகை எழுதுவோர் எழுதி முடித்ததும் பத்தடி பின்சென்று, கண்ணைச் சிறிது இடுக்கி நோக்குதல் நலம். அந்நிலையிலும் ணகரத்தின் மூன்று சுழியும் தெரியுமாயின் பலகையை மாட்டலாம். தெரியாவிடின் வண்ணத்தைத் துடைத்து மீண்டும் எழுத வேண்டியதே.