‘பசுமைப் பட்டாசு’ எவ்வளவு பசுமை?

கேள்வி: பட்டாசு என்றாலே புகைதான். அதில் ‘பசுமை’ எங்கிருந்து வந்தது? (வாசகர், ஆலங்குளம்)

பதில்: ‘பசுமைப் பட்டாசு’ என்ற பெயர் சிவகாசி வட்டாரத்தில் பிறந்ததல்ல. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகே அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் அதே தீர்ப்பு தடை விதித்தது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற கலவைகளை உருவாக்கியது. ஸ்டாரில் வெடியுப்பும் கந்தகமும் கிடையாது. சஃபலில் அலுமினியம் குறைவு.

இப்பெயருக்குப் பின்னால் இருக்கும் அளவுகோல் எளிது: வழக்கமான பட்டாசைவிட நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறைய வேண்டும். மீதி எழுபது பங்கு காற்றில்தான் கலக்கிறது. ‘மாசு குறைந்த பட்டாசு’ என்பதே பொருத்தமான பெயர். ஆனால் அது அட்டைப்பெட்டியில் எடுபடாது. பச்சை முத்திரையைப் பார்த்து வாங்குபவர், புகையே வராது என்று நம்பிவிடவும் கூடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேரியம் நைட்ரேட்டைப் பட்டாசுத் தொழிலில் ‘பச்சை உப்பு’ என்பார்கள்; மத்தாப்பு பச்சையாக எரிவது அதனால்தான். பசுமைப் பட்டாசில் முதலில் விலக்கப்பட்டது அந்தப் பச்சைதான்.

பெயர் எதுவானாலும், கலவை அறையில் உராய்வும் தீப்பொறியும் முன்போலவே ஆபத்தானவை. ‘பசுமை’ என்ற சொல் புகையை மட்டுமே அளக்கிறது. தொழிலாளியின் பாதுகாப்பு அதில் அடங்காது.