கடல் மீனுக்கும் பேன் உண்டு!

தலையில் பேன் ஏறிவிட்டால் அம்மா பேன் சீப்பும் கையுமாக அமர்ந்துவிடுவார். கையில்லாத மீனுக்குப் பேன் பிடித்தால் யார் எடுப்பது? சிரிப்பூட்டும் கேள்விதான். ஆயினும் நார்வே நாட்டு மீன் பண்ணைகளுக்கு இது வாழ்வா, தாழ்வா என்னும் கேள்வி. அதனைச் சற்று ஆராய்வோம்.

பேன் யாது?

பிற உயிரின் உடலைப் பற்றி, அதையே உண்டு வாழ்வது ஒட்டுண்ணி. சால்மன் மீனைப் பற்றும் கடற்பேன் அத்தகையது. பெயர்தான் பேன், தலைப்பேனைப் போல் அது பூச்சியன்று, இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. வளர்ந்த பெண் பேன் ஏறத்தாழ 1 செ.மீ. நீளமிருக்கும். அதன் பின்புறம் இரண்டு சரங்களாகத் தொங்கும் முட்டைகள் நூற்றுக்கணக்கானவை. பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று மீனைப் பற்றுகின்றன. மீன் கிடைக்காவிடில் மடிகின்றன. பற்றிய பேன் மீனின் வழுவழுப்பையும் தோலையும் இரத்தத்தையும் உண்கிறது. புண்கள் பெருகினால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து மீன் இறக்கிறது.

பண்ணையில் பெருகுவதேன்?

பேன் புதிதன்று. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்புவது. நன்னீர் கடற்பேனுக்கு ஆகாது. ஆறேறிய மீனிடமிருந்து அது உதிர்ந்துவிடும். இயற்கை வகுத்த குளியல் இது!

1970-இல் நார்வேயின் ஹித்ரா தீவில் மிதவைக் கூண்டுகளில் சால்மன் வளர்க்கத் தொடங்கினர். இன்று ஒரே கூண்டில் 2,00,000 மீன்கள் வரை வளர்க்கச் சட்டம் இடந்தருகிறது. மீனைத் தேடி அலைய வேண்டிய பேனுக்கு ஓரிடத்திலேயே விருந்து! மீனுக்கோ தப்பியோட வழியில்லை, குளிக்க ஆறுமில்லை.

துன்பம் கூண்டோடு நிற்பதில்லை. வசந்த காலத்தில் முதன்முறையாகக் கடலுக்கு வரும் காட்டு சால்மன் குஞ்சுகள் பண்ணைகளைக் கடக்கையில் பேனுக்கு இரையாகின்றன. சாண் நீளமும் இல்லாத குஞ்சுக்குச் சில பேன்களே எமனாகலாம். 2021-இல் நார்வே தன் அழிவு அபாயப் பட்டியலில் காட்டு சால்மனையும் சேர்த்தது. அதற்குரிய காரணங்களுள் பண்ணைப் பேனும் ஒன்று.

போக்கும் வழிகள்

தீவனத்தில் மருந்து கலந்தனர். நாளடைவில் பேன்கள் அதற்குப் பழகிவிட்டன. 30 பாகை செல்சியஸ் அளவு வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினர். பேன் உதிர்ந்தது, மீனும் துன்புற்றது. பேனைக் கொத்தித் தின்னும் சிறுமீன்களைக் கூண்டில் விட்டனர். அவற்றிலும் பல மாண்டன.

ஆகவே அரசு எல்லை வகுத்தது. பண்ணையினர் பேன்களை எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். வளர்ந்த பெண் பேன் மீனுக்குச் சராசரி 0.5-க்கு மேல் கூடாது. குஞ்சுகள் கடலேறும் காலத்தில் 0.2. 2017 முதல் கடற்கரையை 13 பகுதிகளாக்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறிக்கின்றனர். சிவப்புப் பகுதியில் வளர்ப்பைக் குறைக்குமாறு அரசு ஆணையிடலாம்.

நமக்கென்ன?

கூண்டு வளர்ப்பு நம் கரைக்கும் வந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் 2010-இல் கடல் விரால் எனும் கோபியா மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்தது. வெப்பக் கடலின் ஒட்டுண்ணிகள் வேறு. தோலைப் பற்றும் தட்டைப்புழுக்களை நீக்க மீனை நன்னீரில் சில நிமிடம் குளிப்பாட்டுவர். ஆறு செய்த வேலையை இங்கே தொட்டி செய்கிறது.

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும், கூண்டில் நெருக்கத்தைக் குறைப்பதும், மீனை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும், ஓர் அறுவடைக்குப்பின் அவ்விடத்திற்குச் சில காலம் ஓய்வு கொடுப்பதும் நன்று. பேராசையால் அடைத்த கூண்டில் பேனே முதல் அறுவடை செய்யும். கடலை உழப்போகும் தலைமுறையினராகிய நாம் இதனை மறவாதிருப்போம்.