வானூர்தியின் வரவும் செலவும்

பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் புகழ்பெற்ற துறைமுகமாய் விளங்கிற்று. கடல்மல்லையைப் பாடிய திருமங்கையாழ்வார், சரக்கின் பாரத்தால் தாழ்ந்து சென்ற கலங்களையும் குறிப்பிடுகின்றார். நிறைந்த கலமே வணிகனுக்கு ஆக்கம் தந்தது. அதனைச் செலுத்திய காற்றுக்கு விலையில்லை. பருவக்காற்று வரும்வரை காத்திருத்தலே வேண்டப்பட்டது. இன்று அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், திரிசூலக் குன்றின் அருகிலிருந்து வானூர்திகள் எழுந்து செல்கின்றன. அவை காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆயின் அவ்விரைவுக்கு உரிய விலையை எரிபொருளாகக் கொடுக்கின்றன.

வானூர்தியின் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சார்ந்தது. இந்திய விமான நிறுவனங்களின் செலவில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை இதற்கே போகின்றது. இதன் விலையோ அவற்றின் கையில் இல்லை. 1973ஆம் ஆண்டின் இறுதியில் மேற்காசியப் போரின் விளைவாக, சில திங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. விலையைக் குறைக்க இயலாதவர் செய்யத்தக்கது யாது? பயன்படுத்தும் அளவைக் குறைத்தலே.

அதற்கு முதல் வழி எடையைக் குறைத்தல். எடை மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். எரிபொருளும் ஓர் எடையே அன்றோ? விலை குறைந்த ஊரில் கூடுதலாக நிரப்பிக்கொள்வது ஊதியம் போலத் தோன்றும். ஆயின் அவ்வாறு சுமக்கும் கூடுதல் எரிபொருளில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அதனைச் சுமப்பதற்கே எரிந்துவிடும். ஆகவே விலை வேறுபாடு இவ்விழப்பினும் மிகுதியாயின் மட்டுமே அங்ஙனம் செய்வர். காற்றின் தடை குறைந்த உயரத்தில் பறத்தல், பின்னிருந்து வீசும் காற்றைத் துணைக்கொள்ளல், தரையில் ஊரும்போது ஒரு பொறியை நிறுத்திவைத்தல், எரிபொருள் குறைவாகக் கொள்ளும் புதிய பொறிகளை வாங்குதல் என்பன பிற வழிகள்.

செலவைச் சுருக்கினால் மட்டும் போதாது. வழித்தடமும் வருவாய் தரவேண்டும். இதற்கு நம் நாட்டு வானூர்தி வரலாற்றின் தொடக்கமே சான்று. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொணர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1933ஆம் ஆண்டில் இத்தடத்தில் சென்ற பயணிகள் 155 பேரே. ஆயினும் ஏறத்தாழ 60,000 ரூபாய் ஊதியம் கிடைத்தது. காரணம், கடிதம் எடையிற் சிறியது. விரைந்து சேர்வதற்காக மக்கள் அதற்கு மிகுந்த கட்டணம் தந்தனர். எடைக்கு ஏற்ற வருவாயை அறிந்து ஏற்றுவதே இத்தொழிலின் நுட்பம்.

புறப்பட்டுவிட்ட வானூர்தியின் வெற்றிருக்கையை மீண்டும் விற்க இயலாது. நூறு பேர் ஏறினும் ஐம்பது பேர் ஏறினும் எரிபொருட் செலவில் பெரும் வேறுபாடு இல்லை. ஆதலின் பயணிகள் குறைந்த தடத்தை நிறுவனங்கள் கைவிடுகின்றன. கணக்கேட்டில் அது ஒரு தடத்தின் நீக்கம். அவ்வூர் மக்களுக்கோ ஒரு வாயில் அடைபடுதல். சேலத்தை எடுத்துக்கொள்வோம். அரசின் உதான் திட்டத்தின்கீழ் 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே, எரிபொருள் குறைவாகக் கொள்ளும் சிறிய விசிறிப்பொறி வானூர்தி பறக்கத் தொடங்கிற்று. அது 2021இல் நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவ்விமான நிலையம் பயணிகளின்றிக் கிடந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில்தான் சேவை மீண்டது. இருக்கைகளில் ஒரு பகுதிக்குக் கட்டண வரம்பு விதித்து, அதனால் நேரும் குறையை அரசே ஈடுசெய்வது இத்திட்டத்தின் முறை. அவ்வுதவி குறித்த காலத்துக்கே உரியது. அதற்குள் தன் வருவாயில் நிற்கக் கற்ற தடமே நிலைக்கும்.

மயிற்பீலியேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதும், வரவு சிறிதாயினும் செலவு பெருகாவிடின் கேடில்லை என்பதும் வள்ளுவர் காட்டிய உண்மைகள். இவ்விரண்டையும் அவர் வலியறிதல் என்னும் ஓர் அதிகாரத்துள்ளேயே வைத்தார். சுமையின் அளவையும் செலவின் அளவையும் அறிதல் ஒரே அறிவின் இரு கூறுகள் ஆகும். வண்டிக்கும் கலத்துக்கும் பொருந்திய அவ்வறிவே வானூர்திக்கும் பொருந்துவதாயிற்று.