டம்மி டக் முடிந்து வீடு திரும்பிய பின்

"அழகுக்காகத்தானே செய்துகொண்டாள், இதற்குப் போய் ஒரு மாதம் ஓய்வா?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. கர்ப்பப்பை எடுத்துவிட்டு வந்தவளுக்குக் கிடைக்கும் ஓய்வு, வயிற்றுச் சதை குறைத்துவிட்டு வந்தவளுக்குக் கிடைப்பதில்லை. அவளும் குற்ற உணர்வில் நான்காம் நாளே அடுப்படிக்குப் போய்விடுகிறாள். டம்மி டக் சின்ன அறுவை அல்ல. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை கீறி, வயிற்றுத் தோலை மேலே தூக்கி, பிள்ளைப்பேற்றில் விலகிய தசைகளை இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டியெடுக்கிறார்கள். அதற்கேற்ற ஓய்வைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை பொது முறைகள். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

1. அறுவைக்குப் போகும் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்காவோ தோழியோ ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாள் அவர் இரவும் பகலும் கூடவே இருக்க வேண்டும். கீழே குந்தும் கழிப்பறை மட்டும் உள்ள வீடு என்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். குந்தி எழுவது தைத்த தசைக்குப் பெரும் சிரமம். முன்பக்கம் திறக்கும் தளர்வான நைட்டிகளை எடுத்து வையுங்கள். புகை, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் அறவே கூடாது. நிகோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். இழுத்துத் தைத்த தோலுக்கு இரத்தம் எட்டாமல் அது கருத்து அழுகிப்போகலாம்.

2. படுக்கையும் நடையும்

மட்டமாகப் படுக்காதீர்கள். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, முழங்காலுக்கு அடியிலும் ஒன்று வைத்தால் தையலில் இழுப்பு குறையும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு என்பதைப் படுத்தே கிடப்பது என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவதே இந்த அறுவையில் உயிருக்கு வரும் பெரிய அபாயம். அதனால் முதல் நாளிலிருந்தே, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். முதலில் கூன் போட்டுத்தான் நடக்க முடியும். நிமிர ஒன்றிரண்டு வாரம் ஆகும், வலிந்து நிமிராதீர்கள். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

3. டிரெயின் குழாய்

பலருக்கு அடிவயிற்றில் மெல்லிய குழாய்களும், அவற்றின் முனையில் பிளாஸ்டிக் குமிழும் வைத்து அனுப்புவார்கள். காலையும் மாலையும் சோப்பு போட்டுக் கை கழுவி, குமிழில் சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு குழாய் இருந்தால் இடது, வலது என்று தனித்தனியாக எழுதுங்கள். பிறகு குமிழை அமுக்கிப் பிடித்தபடியே மூடுங்கள். அமுக்காமல் மூடினால் உறிஞ்சாது. குமிழ் தொங்கி இழுபடாமல் நைட்டியோடு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். நிறம் நாளாக ஆக வெளுத்துக்கொண்டே வரும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு வயிற்றுக்குள் நீர் தளும்புவதுபோல் தோன்றினால் உடனே காட்டுங்கள். ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

4. பெரியவர்கள் சொல்லும் வைத்தியம்

வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். தொப்புளுக்குக் கீழே தோல் பல மாதங்கள் மரத்திருக்கும். சூடு பட்டாலும் உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். ஐஸ் பையும் அப்படியே. காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். முட்டை, மீன், தயிர் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடுவார்கள். அவை உங்களுக்கு ஒத்துக்கொள்பவை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். புண் ஆறப் புரதம்தான் வேண்டும். சைவம் என்றால் பருப்பு, சுண்டல், பனீர். ஊறுகாய், அப்பளத்தின் உப்பைக் குறைத்தால் வீக்கமும் குறையும்.

வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் உண்டாக்கும். முக்கினால் தையலுக்குக் கேடு. தண்ணீர், கீரை, வாழைப்பழம் போதாவிட்டால் மருத்துவரைக் கேட்டு இசப்கோல் எடுங்கள்.

5. பெல்ட்டும் குளியலும்

அழுத்த பெல்ட்டை ஏறத்தாழ 6 வாரம் போடச் சொல்வார்கள். நம் வெயிலில் வேர்த்துக் கொட்டும். உள்ளே மடிப்பில்லாத பருத்தி பனியன் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் தட்டையாகும் என்று எண்ணாதீர்கள், தோலுக்கு ரத்த ஓட்டம்தான் கெடும். முதன்முறை பெல்ட்டைக் கழற்றும்போது தலை சுற்றலாம். படுத்தபடி கழற்றி, மெல்ல எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள்.

6. காத்திருக்கக் கூடாதவை

100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமுள்ள சீழ், தோல் கருத்துப்போதல், ஒரு பக்கம் திடீர் வீக்கம், குமிழில் புது ரத்தம்: இரவானாலும் மருத்துவரை அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

7. பிறகு வரும் வாரங்கள்

6 வாரம்வரை குடம், கேஸ் சிலிண்டர், 20 லிட்டர் தண்ணீர் கேன், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. குழந்தை ஏங்கினால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரிடம் அதை எடுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பாவாடை நாடா தழும்பின் மேலேயே அழுந்தும் என்பதால் புடவையைத் தள்ளிப்போடுங்கள். காயம் முழுதும் மூடியபின் சிலிகான் ஜெல் தடவலாம். தழும்பு தடித்துக்கொண்டே போனால் காத்திராமல் காட்டுங்கள். மாலையானால் வயிறு உப்பித் தெரிவது சில மாதங்கள்வரை இருக்கும். முதல் இரண்டு வாரம் கண்ணாடியைப் பார்த்து அழுகை வருவதும் பலருக்கு உண்டு. வீக்கம் இறங்காத வயிற்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். புதுத் துணி தைக்கக் குறைந்தது மூன்று மாதம் கழித்து அளவு கொடுங்கள்.