பிள்ளையின் கையில் ஒரு சுரை விதை

மதீனாவில் தையல்காரர் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் பரிமாறப்பட்டன. நாயகம் அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து உண்டதை, உடன் சென்றிருந்த அனஸ் (ரலி) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமானதாகி விட்டது என்று அவர்களே அறிவித்திருப்பதை புகாரி ஷரீபில் காண்கிறோம். சுரைக்காய் தின்னும்படி அனஸ் அவர்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை. பார்த்தார்கள், பிரியம் வந்தது, அவ்வளவுதான்.

யூனுஸ் நபி (அலை) அவர்கள் மீன் வயிற்றிலிருந்து வெட்ட வெளியில் எறியப்பட்டபோது, அவர்களுக்கு மேலே ஒரு கொடியை முளைப்பித்ததாக அல்லாஹ் ஸாஃப்பாத் சூராவில் சொல்கின்றான். அது சுரைக்கொடி என்பது விரிவுரையாளர்கள் பெரும்பாலோரின் விளக்கம். சுரையின் அகன்ற இலையைக் கண்ட பிள்ளைக்கு அந்த நிழல் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான், பிள்ளைகளுக்குத் தோட்ட வேலையில் ருசி உண்டாக்க விரும்பும் பெற்றோருக்கு முதல் செடியாகச் சுரையைச் சொல்கிறேன். ஆடியிலும் தையிலும் விதை ஊன்றலாம். தொழுகைக்கு ஏவும்படி நாயகம் அவர்கள் குறிப்பிட்ட ஏழு வயது இதற்கும் பொருத்தமான வயது. அதற்குக் குறைந்த சிறுசுகளுக்கு வெந்தயம் போதும். தூவினால் மூன்று நான்கு நாளில் முளை தெரியும். அவர்களின் பொறுமையும் அவ்வளவுதான். கொல்லை இல்லாத வீட்டார், ஆணத்துக்கு வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டை உடைந்த பானையில் ஊன்றிக் கொடுக்கட்டும்.

ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி, மக்கிய எருவையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்புங்கள். சுரை விதையின் ஓடு கெட்டியானது. ஓரிரவு தண்ணீரில் ஊறினால் சீக்கிரம் முளைக்கும். நான்கைந்து விதைகளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, பிஸ்மி சொல்லி விரல் முனை ஆழத்தில் ஊன்றச் சொல்லுங்கள். மண்ணை மூடிய பிறகு அவன் வேலை முடிந்தது. சுமார் ஒரு வாரம் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஈரம் காயாமல் பார்ப்பதைத் தவிர.

பிள்ளைக்கு இந்த ஒரு வாரம்தான் பெரிய சோதனை. மூன்றாம் நாள் தோண்டிப் பார்ப்பான். அடிக்காதீர்கள்; எல்லாப் பிள்ளைகளும் தோண்டும். நீங்கள் விதைப்பதைப் பார்த்தீர்களா, அதை முளைக்கச் செய்வது நீங்களா, நாமா என்ற பொருளில் வாகிஆ சூராவில் இறைவன் கேட்கும் கேள்வியை அப்போது அவனிடம் கேளுங்கள். அதே நேரத்தில், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீதையும் (திர்மிதியில் உள்ளது) மறக்க வேண்டாம். கோழி கிளறாமல் முள் வெட்டிப் போடுவது அவன் வேலை. முள்ளைப் போடாமல் துஆ மட்டும் கேட்டால், கோழிக்கு அது தெரியாது!

முளைத்த பின் வலுவான இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். பிடுங்கி நட்டால் சுரைக்கன்று பெரும்பாலும் பிழைக்காது. இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவன் தூங்கும்போது பிடுங்கிவிட்டு, பூச்சி தின்றுவிட்டது என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. ஒரு பொய் அல்லவா அது?

எரு பற்றி ஒரு சந்தேகம் எழலாம். சாணம் நஜீஸ்தானே, அதில் வளர்ந்த காய் ஆகுமா என்று. காய் சுத்தமானதே, தாராளமாக உண்ணலாம். எரு பட்ட இடத்தைக் கழுவிக்கொண்டால் போதும். ஆனால் எரு அள்ளிய கையோடும் உடுப்போடும் பிள்ளை தொழ நிற்கக் கூடாது. கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். உளூச் செய்த தண்ணீர் மறுபடி உளூவுக்கு ஆகாதே தவிர, அது அசுத்தம் அல்ல. உளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் குழிக்குப் போகட்டும். நாளைக்கு ஐந்து வேளை தண்ணீர், கூலி இல்லாமல். எறும்பையும் தேனீயையும் தவளையையும் கொல்வது ஹதீதில் தடுக்கப்பட்டிருப்பதையும் இந்தக் கொல்லையில்தான் சொல்லிக் கொடுக்க முடியும். தவளை, செடியைத் தின்னும் பூச்சிகளைத் தின்கிறது.

ஆறேழு வாரத்தில் கொடி பூக்கும். முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூ. "மலட்டுக் கொடி" என்று பாட்டிமார் அவசரப்பட்டு அறுத்துவிடக் கூடாது. பெண் பூவின் அடியில் கட்டைவிரல் பருமனில் ரோமம் படர்ந்த ஒரு குட்டிச் சுரைக்காய் இருக்கும். ஆண் பூவுக்கு நீண்ட காம்பு மட்டும்தான். பூசணிப் பூ விடியலில் மலரும். சுரையோ அஸர் முடிந்து பொழுது சாயும் வேளையில் வெள்ளையாக விரிந்து, இரவு முழுவதும் இருந்து, மறுநாள் வாடிவிடும். இரவில் வரும் அந்துப்பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவை வராத ஊரில் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அப்போது, மஃரிபுக்குச் சற்று முன் பிள்ளையைக் கூட்டிப் போய், ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவச் செய்யுங்கள். மதீனாவாசிகள் பேரீச்ச மரங்களுக்கு இதைத்தான் செய்துவந்தார்கள். நாயகம் அவர்கள் அபிப்பிராயம் சொன்னதைக் கேட்டு ஒரு வருஷம் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உலக காரியத்தில் உங்களுக்கே நன்கு தெரியும் என்று நாயகம் அவர்கள் அப்போது அருளியது முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருக்கிறது. வளர்ந்தவர்களும் நின்று யோசிக்க வேண்டிய ஹதீது அது.

பூ காயாகிப் பத்துப் பதினைந்து நாளில் பறிக்கலாம். நகம் இறங்கினால் பிஞ்சு. சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கசப்புச் சுரை விஷம்; வேகவைத்தாலும் தீராது. பிள்ளை வளர்த்ததாயிற்றே என்று இரக்கப்படக் கூடாது.

இடையில் கொடி அழிந்துபோவதும் உண்டு. அடுத்த வீட்டு ஆடு ஒரு நிமிஷத்தில் இரண்டு மாத உழைப்பை மேய்ந்துவிடும். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ தின்றால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற ஹதீதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். திருடப்பட்டதும் ஸதகாவே என்று ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. ஆனால் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் போய், "ஸதகாதானே, அழாதே" என்று சொல்வது சரியல்ல என்பது என் எண்ணம். அவன் வாயை அடைக்க ஹதீதை எடுத்ததாக ஆகிவிடும். விதை ஊன்றும் அன்றே அதைச் சொல்லிவைத்தால், ஆடு வந்த அன்று அவனே நினைத்துக்கொள்வான். அவனுக்கு நன்மை கிடைக்கிறது என்பதால் ஆட்டை அவிழ்த்துவிட்டவர் பொறுப்பிலிருந்து தப்பிவிட மாட்டார். தாவூத் நபியும் சுலைமான் நபியும் (அலை) தீர்ப்புச் சொன்ன வழக்கே, ஆடு இரவில் பயிரை மேய்ந்த வழக்குதானே!

இனி, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். "இது உன் கொடி" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தைக்கு என்ன எடை? அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவரின் தாயார், "வா, ஒன்று தருகிறேன்" என்று கூப்பிட்டார். அங்கே அமர்ந்திருந்த நாயகம் அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். கொடுக்காமல் இருந்திருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது.

எனக்கு எட்டு வயதில் என் வாப்பா ஒரு சுரைக்கொடி கொடுத்தார்கள். விறகுக் கொட்டகைக் கூரையில் அது படர்ந்து முதல் காய் தொங்கியது. தினமும் ஓதப் போகும்போது அதை முழம் போட்டு அளப்பேன். ஒருநாள் திரும்பி வந்தபோது காம்புதான் இருந்தது. அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் தால்சாவுக்குக் காய் போதவில்லை என்று வாப்பா அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். "ஒரு சுரைக்காய்க்கா இந்த அழுகை!" என்றார்கள் உம்மா. நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

இஷாவுக்குப் பிறகு வாப்பா என்னை எழுப்பினார்கள். பள்ளிவாசலில் ஆலிம்சாவிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். கொடுத்தது உண்மையானால் கொடியும் காயும் பிள்ளையின் உடைமை. பிள்ளையின் பொருளைத் தர்மம் செய்யக் காப்பாளருக்கு உரிமை இல்லை. பருவம் வராத பிள்ளை "பொறுத்தேன்" என்று சொன்னாலும் கடன் தீராது. விலையைப் பிள்ளைக்காக எடுத்து வைக்க வேண்டும் என்று ஆலிம்சா சொல்லியிருக்கிறார். "கேக்காம அறுத்துட்டேன் வாப்பா, தப்பு என்னோடது" என்று சொல்லி, சந்தை விலையை என் தகர டப்பாவில் போட்டார்கள்.

மறு ஆடியில் விதை ஊன்றும்போது, ஆலிம்சா சொன்ன யோசனைப்படி வாப்பா முதலிலேயே பேசிக்கொண்டார்கள். "கொடி ஊட்டுக்கு. பாத்துக்கிறது நீ. யாருக்குக் கொடுக்கிறதுன்னாலும் உன்னையும் கேப்பேன். சம்மதமா?" சம்மதம் என்றேன். அந்த வருஷம் முதல் காயை எங்கே அனுப்பலாம் என்று கேட்டபோது, அதே அடுத்த வீட்டைச் சொன்னேன். என் கையைவிட நீளமான காய். தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.